கெரானில் யார் பெயர்? பினாங்கு வீட்டுக்காரர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தா சொல்வது

ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பங்களா இருந்தது. நான்கு ரம்புத்தான் மரம், மூடி போட்ட கிணறு, குரைக்க மறந்துபோன ஒரு நாய். 2016இல் அந்த நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று மாநகர் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுதித் தரலாம் என்பது சாரம். உறையின் மேல் அப்பாவின் பெயர். அப்பா போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. “அவருக்கு வந்ததை நாம ஏன் பிரிக்கணும்” என்று அம்மா அதை சாமி மேடைக்குக் கீழே டிராயரில் வைத்துவிட்டார். என் கண்ணில் பட்டபோது இரண்டு மாதம் கடந்திருந்தது.

இதில் வெட்கப்பட வேண்டியவள் நான்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 31 வருடம் சொத்துப் பத்திரக் குமாஸ்தாவாக இருந்தவள். ஊரார் வீட்டுக்கெல்லாம் துகார் நாமா, அதாவது பெயர் மாற்றம், செய்து கொடுத்த கை. சொந்த வீட்டுக் கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், மட்டும் இறந்தவர் பெயரையே விட்டுவைத்தேன். அம்மா இருக்கும்வரை எதற்கு அவசரம் என்று அண்ணன் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

ஓய்வு பெற்ற பிறகு கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னை ஓரமாக அழைத்துப்போய் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். பிள்ளை பெயருக்கு வீட்டை மாற்ற எவ்வளவு செலவாகும்? பக்கத்தில் மாடி கட்டுகிறார்கள், நாம் ஏதாவது செய்ய முடியுமா? கேட்பவர்களுக்கு இவை இரண்டும் வேறு வேறு விஷயம். எனக்கு அந்த டிராயர்க் கடிதத்துக்குப் பிறகு இரண்டும் ஒன்றுதான். அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

கெரானை வெளியே எடுங்கள்

பேச்சைத் தொடங்கும் முன் பத்திரத்தை மேசையில் வையுங்கள். நகல் போதும். பெயர் யாருடையது, எத்தனை பங்கு என்று பாருங்கள். பழைய குடும்பங்களில் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதி என்று இருக்கும். சித்தப்பா பிள்ளைகள் கிள்ளானில் இருப்பார்கள், நாம் முழு வீடும் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அடுத்து நிலத்தின் வகை: நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம். அப்புறம் ‘செக்காத்தான் கெபெந்திங்கான்’ (உரிமைக் கட்டுப்பாடு) என்ற வரி. மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்கவோ மாற்றவோ கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், வேறு எதற்கும் முன்னால் அந்த அனுமதிதான். மலிவு விலை வீடுகளில் இது அநேகமாக இருக்கும்.

வீட்டில் இருக்கும் நகலை மட்டும் நம்பாதீர்கள். நில அலுவலகத்தில் ஒரு ‘சாரியான்’ (பதிவேட்டுத் தேடல்) போட்டுப் பாருங்கள். யாராவது காவியட் (உரிமை கோரும் தடை) போட்டிருந்தாலோ, என்றோ கட்டி முடித்த கடனுக்கு வங்கியின் அடமானம் இன்னும் நீக்கப்படாமல் இருந்தாலோ அதில் தெரியும். கடன் முடிந்தும் அடமானம் நீக்காத பத்திரங்களை நான் பார்த்தது கொஞ்சநஞ்சமல்ல.

பினாங்குக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வீடு நம்முடையது, அடியில் உள்ள மண் வேறு யாருடையதோ. மாதா மாதம் நிலவாடகை கட்டி இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்திருப்பார்கள். அவர்களிடம் இருப்பது வாடகை ரசீதுக் கட்டு, கெரான் இல்லை. குளுகோரில் நம்மவர்கள் ‘ஹை சப்பரல்’ என்று சொன்ன புவா பாலா கம்பம் 2009இல் இடிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மாடும் தொழுவமுமாகத் தலைமுறைகள் வாழ்ந்த இடம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போயும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை என்பதை யாராலும் மாற்ற முடியவில்லை. உங்கள் நிலைமை அப்படியென்றால் இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி உங்களுக்கு உதவாது. நேரே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பெயர் மாற்ற எவ்வளவு

செலவில் பெரியது முத்திரை வரி. 14ஏ பாரத்தில் கையெழுத்தாகும் பெயர் மாற்றத்துக்கு இதைக் கட்ட வேண்டும். முதல் 100,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) 1 விழுக்காடு. அடுத்த 400,000க்கு 2. அதற்கு அடுத்த 500,000க்கு 3. பத்து லட்சத்தைத் தாண்டியதற்கு 4. கணக்குப் போடும்போது பலர் செய்யும் தப்பு, மொத்த விலையையும் கடைசி விகிதத்தால் பெருக்குவது. படிப்படியாகப் போட வேண்டும். எங்கள் வரிசையில் ஒரு மாடி வீடு 650,000 வெள்ளி என்று வையுங்கள். முதல் படியில் 1,000, இரண்டாவதில் 8,000, மிச்சமுள்ள 150,000க்கு 4,500. மொத்தம் 13,500.

இது விற்று வாங்கினால். பெற்றோர் பிள்ளைக்குப் பாசத்தின் பேரில் கொடுத்தால் கதை வேறு. 2023 ஏப்ரல் 1 முதல், பெற்றோர் பிள்ளைக்கோ, பிள்ளை பெற்றோருக்கோ, தாத்தா பாட்டி பேரப்பிள்ளைக்கோ கொடுக்கும் சொத்தில் முதல் பத்து லட்சம் வெள்ளிக்கு முத்திரை வரி கிடையாது. அதற்கு மேல் உள்ள தொகைக்குப் பாதி வரி. ஆக, அந்த 650,000 வெள்ளி வீட்டுக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு லட்சம் மதிப்புள்ள வீடு என்றால் மிச்சம் 200,000க்கு 4 விழுக்காடு 8,000, அதில் பாதி 4,000. அதற்கு முன்பு மொத்தத்துக்குமே பாதிதான் தள்ளுபடி கிடைத்தது. கணவன் மனைவிக்குள் மாற்றினால் முழு விலக்கு.

அண்ணன் தங்கைக்குக் கொடுத்தால்? ஒரு சலுகையும் இல்லை. 13,500 முழுசாகக் கட்ட வேண்டும். “கூடப் பிறந்தவங்கதானே அக்கா, பாசம் இல்லையா?” என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். பாசம் இருக்கலாம். சட்டத்தின் பட்டியலில் உடன்பிறப்பு இல்லை. இதற்காகச் சில குடும்பங்கள் வீட்டை முதலில் அம்மாவுக்கு மாற்றி, அம்மாவிடமிருந்து தங்கைக்கு மாற்றப் பார்க்கும். இரண்டு தடவை வக்கீல் செலவு, நடுவில் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் ஆறு பேர் பங்குக்கு வருவார்கள். நான் அந்த வழியை யாருக்கும் சொல்வதில்லை.

இதைவிட முக்கியம், வாங்கிக்கொள்ளும் பிள்ளை மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு அம்மா கொடுத்தாலும் விலக்கு இல்லை. வெளிநாட்டவர் கணக்கில் வந்துவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு 2024 முதல் படிக்கணக்கு கிடையாது, மொத்தத்துக்கும் 4 விழுக்காடு. 2026 ஜனவரி முதல் குடியிருப்பு வீட்டுக்கு அது 8. அதே 650,000 வெள்ளி வீட்டுக்கு 52,000! மாநில அரசின் அனுமதி வேறு வாங்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிக்கு இந்த 8 விழுக்காடு இல்லை, படிக்கணக்குதான். ஆனால் பெற்றோர் கொடுத்தாலும் அந்தப் பாச விலக்கு அவருக்கும் கிடைக்காது. அட்டையின் நிறத்தை முதலிலேயே கேட்காமல் பத்திரம் தயாரித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கிழித்துப்போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஆள் போன பிறகு வாரிசுகளுக்குப் போகும் பெயர் மாற்றத்துக்கு 10 வெள்ளிதான் முத்திரை வரி. உயில் இருந்தால் உயில்படி. இல்லையென்றால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி. அப்பா மட்டும் போய், அம்மாவும் பிள்ளைகளும் இருந்து, அப்பாவைப் பெற்றவர்கள் யாரும் உயிருடன் இல்லை என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்ச இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. எங்கள் வீட்டில் எல்லாரும் தங்கள் பங்கை அம்மாவுடன் இருக்கும் தம்பிக்கு விட்டுக்கொடுக்க முடிவு செய்தோம். முன்பெல்லாம் இப்படி ஒரு வாரிசு இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுத்தால் விகிதப்படி வரி கேட்பார்கள். 2024 ஜனவரி முதல் அதற்கும் 10 வெள்ளிதான். பதினைந்து வருடம் தள்ளிப்போட்டதில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் இது. எங்கள் வீடு சிறு சொத்து வகையில் வந்ததால் நேராக நில அலுவலகத்திலேயே ‘ஏ’ பாரம் போட்டோம். வாரிசுகளை விசாரணைக்கு அழைப்பார்கள். அண்ணனை ஈப்போவிலிருந்து வரவழைப்பதுதான் பாரம் நிரப்புவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சொத்து லாப வரியைப் பற்றிச் சுருக்கமாக. விற்பவர் கட்டுவது இது. குடிமகனோ நிரந்தரவாசியோ வாங்கிய மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15, ஆறாம் வருடத்திலிருந்து இல்லை. குடியிருந்த ஒரு வீட்டுக்கு வாழ்நாளில் ஒரு தடவை விலக்கு கேட்கலாம். குடிமகனான பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று கணக்கு, அவர்கள் வாங்கிய விலையே பிள்ளையின் விலையாகிவிடும். வரி வராவிட்டாலும் 60 நாளுக்குள் பாரம் அனுப்ப வேண்டும். வரி வரும் விற்பனையில் வாங்குபவரின் வக்கீல் விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து, அதே 60 நாளுக்குள் ஹாசிலுக்கு (உள்நாட்டு வருமான வரி வாரியம்) அனுப்புவார். “என் காசை ஏன் பிடிக்கிறீங்க” என்று அவரிடம் சண்டை போடாதீர்கள். பிடிக்காவிட்டால் மாட்டிக்கொள்வது வாங்குபவர்தான்.

இன்னும் மூன்று விஷயம், வேகமாகச் சொல்கிறேன். பத்திரத்தில் எழுதிய விலை, மதிப்பீட்டு இலாகா சொல்லும் சந்தை மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் முத்திரை வரி. அதனால் தெரிந்தவருக்குக் குறைத்து எழுதிப் பயனில்லை. மதிப்பு மிக அதிகம் என்று பட்டால் நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம், பக்கத்து வீடுகள் விற்ற விலைதான் உங்கள் ஆதாரம். அப்புறம், கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரைக்குக் கொடுக்க வேண்டும். தாமதம் மூன்று மாதத்துக்குள் என்றால் 50 வெள்ளி அல்லது வரியில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது. அதைத் தாண்டினால் 100 வெள்ளி அல்லது 20 விழுக்காடு. வக்கீல் கட்டணம் முதல் ஐந்து லட்சத்துக்கு 1.25 விழுக்காடு, அதற்கு மேல் 1 விழுக்காடு. 650,000க்கு 7,750 வெள்ளி. சேவை வரி 8 விழுக்காடு தனி. முதல் வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு ஐந்து லட்சம் வரையுள்ள வீட்டுக்கு முத்திரை வரி முழு விலக்கு, 2027 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். 2027 தொடங்கும்போது சொத்து மாற்றப் பத்திரங்களுக்கும் சுயமதிப்பீடு வருகிறது. தப்பாகக் கணக்குப் போட்டால் அதற்கு நாம்தான் பொறுப்பு.

வரி இல்லை என்பதற்காக அம்மா அப்பா கையில் உள்ள ஒரே வீட்டை முழுசாக எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். இதை நான் வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னால் வியாபாரம் கெடும். இப்போது சொல்லலாம். எழுதிக் கொடுத்த பிறகு அது பிள்ளையின் சொத்து. பிள்ளை கடனில் விழுந்தால் வங்கி அந்த வீட்டைத்தான் பார்க்கும். பாதிப் பங்கைக் கொடுத்துப் பாதியை வைத்துக்கொள்ளலாம். கெரானில் இரண்டு பெயரும் இருக்கும், அம்மாவின் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. ஒரு தாய் எங்கள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, “கையெழுத்துப் போட்டா நான் இந்த வீட்ல இருக்கலாம்ல?” என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார். மருமகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பேனாவின் மூடி கிடைக்கவில்லை என்று சொல்லி அந்தப் பத்திரத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டவள் நான்.

காசு யார் பையில் விழுகிறது

கடந்த தீபாவளிக்கு எங்கள் வீட்டு ஹாலில் பெரிய விவாதம். அண்ணன் மகன் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தில் செலவுக் கணக்குப் பார்ப்பவன். எதிர்வீட்டு அண்ணன் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. 2017 நவம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

“இத்தனை மாடி கட்டுறாங்க, மாநகர் மன்றத்துக்கு முத்திரை வரியே கோடிக்கணக்குல வரும். ஒரு வாய்க்கால் அகலமாச்சா?” என்றார் அவர்.

“வாய்க்காலுக்கும் நாங்கதான் கட்டுறோம் அங்கிள். எல்லாக் கட்டணமும் கடைசியில சதுர அடி விலையிலதான் வந்து விழும். நீங்க ஏத்தச் சொல்றீங்க, உங்க பேரன்தான் கட்டுவான்” என்றான் இவன்.

இரண்டு பேருக்கும் பாதி பாதி தப்பு. முத்திரை வரியும் சொத்து லாப வரியும் கூட்டரசுக்குப் போகின்றன. அதிலிருந்து ஜெலுத்தோங் வாய்க்காலுக்கு மாநகர் மன்றம் ஒரு காசும் எடுக்க முடியாது. நில வரி, நிலத்தின் வகை மாற்றும்போது கட்டும் பிரிமியம் இரண்டும் மாநில அரசுக்கு. மாநகர் மன்றத்துக்கு வருவது நாம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கட்டும் சுக்காய் பிந்து (வீட்டு மதிப்பீட்டு வரி), மேம்பாட்டாளர் கட்டும் மேம்பாட்டுக் கட்டணம், சாலை வாய்க்கால் விரிவாக்கத்துக்கான பங்களிப்பு, இவைதான். ஆகவே வாய்க்காலுக்கு ஹாசிலைத் திட்டுவதும், முத்திரை வரிக்கு மாநகர் மன்றத்தைத் திட்டுவதும் காற்றில் வாள் வீசுவது.

இந்த மேம்பாட்டுக் கட்டணம் என்பது 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 32ஆம் பிரிவில் வருவது. பகுதித் திட்டம் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்வது) மாறி, ஒரு நிலத்தின் பயன்பாடோ, அடர்த்தியோ, தளப்பரப்போ கூடி, அதனால் மதிப்பு உயர்ந்தால், உயர்ந்ததில் ஒரு பங்கைக் கேட்பது. விகிதம் மாநில விதிகளில் இருக்கும். பங்களா இருந்த இடத்தில் இருபது மாடிக்கு அனுமதி கிடைத்த அன்றே நிலத்தின் விலை ஏறிவிடுகிறதே, அந்த ஏற்றத்துக்கு நிலத்துக்காரர் வியர்வை சிந்தவில்லை. அதில் ஊருக்கும் பங்கு என்பதுதான் கணக்கு. அண்ணன் மகனிடம் கேட்டேன்: “பக்கத்துக் கொண்டோ சதுர அடி 600க்கு விக்குது. உனக்குக் கட்டணம் இல்லைன்னா 550க்கு விப்பியா?” அவன் சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை. கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால் மேம்பாட்டாளர் அதை நிலம் வாங்கும் விலையில் கழித்துக்கொள்வார். நிலம் வாங்கிய பிறகு விகிதத்தை ஏற்றினால்தான் அது வீட்டு விலையில் ஏறப் பார்க்கும். என் கட்சி இதுதான்: வாங்கட்டும், ஆனால் விகிதம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருக்கட்டும், நடுவழியில் மாற்ற வேண்டாம்.

வாங்கி விற்பவர்மேல் மாநிலமும் கை வைத்ததுண்டு. 2014 பிப்ரவரியில் பினாங்கு அரசு, மூன்று வருடத்துக்குள் மறுபடி விற்பவரிடம் 2 விழுக்காடும், வாங்கும் வெளிநாட்டவரிடம் 3 விழுக்காடும் வாங்கத் தொடங்கியபோது எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. ஊக வணிகத்தை அடக்கும் என்றார்கள் சிலர், சந்தையைக் கெடுக்கும் என்றார்கள் சிலர். பரிமாற்றத்தின்மேல் போடும் வரியில் எனக்கு ஒரு குறை உண்டு. அது இடம் மாறுகிறவரைத்தான் அடிக்கிறது. நான்கு அறை வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி சின்னப் பிளாட்டுக்குப் போக நினைத்தால் அவர் வாங்கும் பிளாட்டுக்கும் வரி. அதனால் அங்கேயே இருந்துவிடுகிறார், அறைகள் பூட்டிக் கிடக்கின்றன.

நீங்களே வீட்டை மாற்றுவதாக இருந்தாலும் இந்தக் கட்டணம் வரலாம் என்பதை மறக்க வேண்டாம். முன்பக்கத்தைப் பாலர் பள்ளியாகவோ சாப்பாட்டுக் கடையாகவோ ஆக்க நினைப்பவர்கள், மாநகர் மன்றத்தின் திட்ட அனுமதி, கெரானில் உள்ள நிபந்தனையை மாற்ற நில அலுவலகத்தின் பிரிமியம் என்று இரண்டு கதவையும் தட்ட வேண்டியிருக்கும். சாமான் வாங்கும் முன் கேளுங்கள்.

பக்கத்தில் மாடி வரும்போது

இப்போது அந்த 21 நாளுக்கு வருகிறேன். பகுதித் திட்டம் அரசிதழில் வராத இடங்களில், ஒரு திட்ட அனுமதி விண்ணப்பம் வந்தால் அண்டை நிலங்களின் *பதிவுபெற்ற உரிமையாளர்களுக்கு* மாநகர் மன்றம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது அதே 1976ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆம் பிரிவு. வாடகைக்கு இருப்பவருக்கு வராது. வீட்டில் குடியிருக்கும் மகனுக்கு வராது. கெரானில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும், அவர் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அண்டை நிலம் என்பது ஒட்டிய நிலம் மட்டுமில்லை. நடுவில் 20 மீட்டருக்கு மிகாத சாலையோ வாய்க்காலோ இருந்தாலும் அண்டைதான். முட்டுச்சந்து வழியாகத்தான் அந்த நிலத்துக்குப் போக முடியும் என்றால், அதே சந்து வழியைப் பயன்படுத்தும், 200 மீட்டருக்குள் உள்ள உரிமையாளர்களும் அண்டைதான். இந்தக் கடைசி வரி பலருக்குத் தெரிவதில்லை.

ஆட்சேபக் கடிதத்தை மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும், காரணங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ‘எங்கள் அமைதி கெடும்’ என்று எழுதினால் படித்துவிட்டு ஓரம் வைப்பார்கள். டேப் எடுத்து சந்தின் அகலத்தை அளந்து எழுதுங்கள். காலை ஏழரைக்கு எத்தனை கார் நிற்கிறது என்று ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். மழை நாளில் வாய்க்கால் எந்தக் கல்வரை நிரம்புகிறது என்று படம் எடுத்து இணையுங்கள். அப்புறம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்வதைவிட, வாய்க்காலை முதலில் அகலப்படுத்து, வேறு பக்கம் வழி வை, பைலிங் (அடித்தூண் இறக்கும் வேலை) தொடங்கும் முன் எங்கள் சுவர்களைப் படம் எடுத்து ஒரு பிரதி எங்களிடமும் கொடு என்று கேட்டால், அது அனுமதியின் நிபந்தனையாக வர வாய்ப்பு உண்டு. எங்கள் சமையலறைச் சுவரில் இன்று ஒரு விரிசல் ஓடுகிறது. முன்பே இருந்தது என்கிறார்கள். இல்லை என்று காட்ட எங்களிடம் ஒரு படமும் இல்லை.

ஆட்சேபம் தெரிவித்தவரை விசாரணைக்கு அழைப்பார்கள். பத்துப் பேர் போனாலும் பேச ஒருவரை வையுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் தகவல் வந்த ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆனால் முதலில் ஆட்சேபக் கடிதம் கொடுத்த உரிமையாளருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். சுங்கை ஆராவில் குன்றுச் சரிவில் வீடு கட்டக் கொடுத்த அனுமதியை அண்டை வீட்டார் இப்படித்தான் எதிர்த்தார்கள். 2015இல் வாரியம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அதன் பிறகும் நீதிமன்றப் படிகள் நீண்டன, அது வேறு.

எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோலாலம்பூரில் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது பலர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதே திட்டத்தில்தான் புக்கிட் கியாரா தோட்டத்து லயத்து மக்களுக்கான வீடுகளும் இருந்தன. தோட்டம் போன நாளிலிருந்து நிரந்தர வீட்டுக்குக் காத்திருக்கும் நம் சனங்கள். கடிதம் எழுதும் முன் அந்த மாடியில் யார் குடிவரப் போகிறார்கள் என்றும் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் எவ்வளவு வாங்கினார்கள், எங்கே செலவழித்தார்கள் என்று அறிய வேண்டுமென்றால், பினாங்கில் அதற்கு ஒரு வழி உண்டு. 2010ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் 2015இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிலத்தின் லாட் எண்ணைக் குறிப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘மேம்பாடு பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்’ என்று கேட்டால் எதுவும் வராது. மாநகர் மன்றக் கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவைதான், போய் உட்காரலாம். கவுன்சிலர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நின்றது நின்றதுதான். அதனால் கவுன்சிலருக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதியைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அவருக்கு ஓட்டு வேண்டும்.

பெயர் மாற்றம் முடிந்து புதுக் கெரான் கைக்கு வந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் மாநகர் மன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் சுக்காய் பிந்து பில் பழைய பெயருக்கே வந்துகொண்டிருக்கும். நில வரிக்கு உங்கள் அஞ்சல் முகவரி சரியாக இருக்கிறதா என்று நில அலுவலகத்தில் பாருங்கள். மின்சாரம், தண்ணீர் பில்களை மாற்றுவது கடைசி.

எங்கள் வீட்டில் தண்ணீர் பில் இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது. மாற்றப் பாரம் வாங்கி வந்தேன். அம்மா அதை எடுத்து டிராயரில் வைத்துவிட்டார்.